நேரலைப் பெட்டியின் மண்டகப்படி

கொளஞ்சியின் மாவு மில் மோட்டார் அந்த வருஷம் இரண்டாவது தடவையாகப் புகைந்தபோது, அவர் மனைவி சந்திரலேகா அழவும் இல்லை, கத்தவும் இல்லை. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து பார்த்தாள்.

"இன்னொரு தடவ மோட்டாரு காயில் கருகுச்சின்னா மில்ல வித்துட்டு திருப்பூருக்குப் போயிடணும். பனியன் கம்பெனில வாட்ச்மேன் வேலை இருக்குன்னு என் தம்பி பக்கிரி சொல்லிகிட்டே கெடக்குறான். சரின்னு சொல்லுங்க. அப்பதான் இந்தக் காயில கட்ட விடுவேன்."

கொளஞ்சி சரி என்றார். வேறு என்ன சொல்ல? ஆனால் சிதம்பரத்தில் புளியமரச் சந்துக்குள் நுழைந்து யாரைக் கேட்டாலும், "மாவு மில் கொளஞ்சியா?" என்று வழி காட்டுவார்கள். வெறும் கொளஞ்சி என்று ஓர் ஆளை அங்கே யாருக்கும் தெரியாது. திருப்பூரில் கம்பெனி வாசலில் விசிலோடு நிற்கப்போகிற கொளஞ்சி யார் என்று அவருக்கே தெரியாது.

குற்றவாளி கரண்ட்தான். வரவே வராது என்றால்கூட ஒரு நிம்மதி உண்டு. இது வரும். வந்து அரை உயிராகக் கிடக்கும். சந்துக்குள் மின்விசிறிகள் எல்லாம் சுற்றலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும். அந்த நேரம் பார்த்து எவராவது மிளகாய் அரைக்க வந்து நிற்பார்கள். ஸ்டார்ட்டரை அழுத்தினால் மோட்டார் முக்கும், முனகும், பிறகு புகையும்.

ஊருக்குக் கரண்ட் கொடுப்பது தென்னாற்காடு மின் வழங்கல் கழகம். சிதம்பரத்து கரண்ட் ஆபீசில் இன்ஜினியர் இளவரசு, கொளஞ்சிக்கு ஒன்றுவிட்ட முறையில் மருமகன். உறவு என்பதால் உட்காரச் சொல்லி, டீ வாங்கிக் கொடுத்து, முடியாது என்றான்.

"மாமா, முன்ன மாதிரி இல்ல இப்ப. நீங்க வந்து லோ வோல்டேஜ்னு சொன்னா நான் நம்பக் கூடாது. கடலூர்ல ஆணையம் வந்துருக்குது. எங்க கணக்க எல்லாம் அவுங்க நேரலையில பாக்குறாங்க. அவுங்க ஸ்கிரீன்ல லோ வோல்டேஜ்னு காட்டுனாதான் அது லோ வோல்டேஜ். அதுவரைக்கும் அது உங்க மனக்குறை."

"மோட்டாரு புகையுதுடா இளவரசு!"

"புகை அவுங்க ஸ்கிரீன்ல வராது மாமா."

அந்த ஆணையத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட வேண்டும். கரண்ட் கொடுக்கிற கழகமும், கரண்டை வாங்கி விற்கிற வியாபாரிகளும் எங்கே எவ்வளவு போகிறது என்பதை மாதக் கணக்கில் மூடி மறைத்துவிட்டு, கடைசியில் வாய்க்கு வந்ததைச் சொல்கிறார்கள் என்று ஒரு காலத்தில் பெரிய புகார் எழுந்தது. ஆகவே, நடக்கிறதை நடக்கிற அந்த நொடியிலேயே பார்க்கும் அதிகாரத்தோடு மின்தரவு நேரலை ஒழுங்குமுறை ஆணையம் உண்டானது. நல்ல நோக்கம்தான். நல்ல நோக்கம் இல்லாமல் இந்த நாட்டில் எந்த ஆபீசும் கட்டப்படுவதில்லை.

கருகிய காயிலை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு கொளஞ்சி கடலூருக்கு பஸ் ஏறினார். செம்மண்டலத்தில் கண்ணாடி பதித்த மாடிக் கட்டடம். செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தூசி பட்டால் திரைக்கு ஆகாதாம். உள்ளே சுவர் முழுக்க ஒரே திரை, அதில் மாவட்டம் முழுக்கப் பச்சைப் புள்ளிகள். வெளியே தார் ரோடு இளகுகிற வெயில். உள்ளே நேரலைத் தரவு அலுவலர் செம்பியன் கம்பளி ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"எந்தத் தெரு?" என்றார். தட்டிப் பார்த்தார். "புளியமரச் சந்து. இருநூத்தி நாப்பது வோல்ட். பச்சை. ரொம்ப நல்லா இருக்கீங்க."

"இல்ல சார், இப்பக்கூட வூட்டுக்காரிக்குப் போன் போட்டேன். கரண்டே இல்லயாம்."

"கரண்ட் இல்லாதப்ப மீட்டர் பேசாது. மீட்டர் பேசலன்னா, அது கடைசியா எப்ப நல்லபடியா பேசுச்சோ அந்தக் கணக்கையே வச்சுக்கணும்னு விதி. பதில் சொல்லாதவன உடனே குத்தவாளின்னு சொல்லிட முடியுமா? இயற்கை நீதின்னு ஒண்ணு இருக்குல்ல?"

"கடைசியா எப்ப சார் நல்லா பேசுச்சி?"

"போன தீபாவளிக்கு."

கொளஞ்சி மஞ்சள் பையைக் கவிழ்த்தார். கருகிய காயில் மேஜைமேல் விழுந்து நாறியது. செம்பியன் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"இது பழசு. கருகி முடிஞ்சது எல்லாம் கடந்த காலம். எங்களுக்கு நிகழ்காலத்துக்கு மட்டும்தான் அதிகாரம். கருகிகிட்டு இருக்கும்போதே கொண்டுவந்திருக்கணும்."

பக்கத்து நாற்காலியில் கழுத்துப்பட்டி கட்டிய ஒருவன் சிரித்தான். அவன் சபரீஷ். ஜோதிப் பிரவாகம் பவர் டிரேடர்ஸ் என்கிற மின் வியாபாரக் கம்பெனியின் ஆள். தன் கம்பெனி எவ்வளவு வாங்கி எவ்வளவு விற்கிறது என்பதை ஆணையத்துக்குத் தினமும் காட்டுவது அவன் வேலை. அவன் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினான்.

"அங்கிள், உங்க சந்துல ஒரு மாசமா மோட்டாரே ஓடல. யாரும் பெருசா கரண்ட் எடுக்கல. அப்ப தேவை இல்லன்னுதானே அர்த்தம்? மிச்சம் ஆனத நாங்க வாங்கி வட நாட்டுக்கு வித்துட்டோம். ஒரு யூனிட் வீணாகல. உங்களுக்கு நாங்க தாங்க்ஸ் சொல்லணும்."

"கரண்ட் இல்லாமதானே தம்பி மோட்டாரு ஓடல?"

"அது காரணம், அங்கிள். நாங்க தரவு மட்டும்தான் பாப்போம்."

எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்பார்கள். இவன் பிடுங்கியதுக்கு ரசீது வேறு வைத்திருந்தான்.

கொளஞ்சிக்குக் கண் கலங்கிவிட்டது. கௌரவம் பார்க்காமல் கையெடுத்துக் கும்பிட்டார். "சார், ஒரே ஒரு தடவ என் சந்துக்கு வந்து பாத்துட்டுப் போங்க. மில்லு போயிடும் சார். ஊர வுட்டே போயிடணும்."

செம்பியனுக்கும் மனசு இல்லாமல் இல்லை. "நாங்க நேர்ல வரக் கூடாது. கண்ணால பாத்தா அது வதந்தி. ஆனா ஒண்ணு செய்யலாம். பெட்டி வரலாம்."

பீரோவுக்குள்ளிருந்து எடுத்தார். டிபன் கேரியர் உயரத்தில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி, நேரலைப் பெட்டி. கம்பத்தில் மாட்ட இரண்டு கொக்கி, உள்ளே ஒரு சிம் கார்டு, தலையில் ஒரு பச்சை விளக்கு. மாட்டிய இடத்து வோல்டேஜை அந்த நொடியே கடலூருக்குச் சொல்லிவிடும். சிதம்பரத்துக்கென்று ஒன்றுதான் ஒதுக்கியிருந்தார்கள். யாரும் வந்து கேட்காததால் அது பீரோவிலேயே இருந்தது. செம்பியன் அதைப் புளியமரச் சந்து என்ற விலாசத்தில் பதிந்து கொடுத்தார்.

பெட்டியைப் பார்த்ததும் இளவரசுக்கு முகம் சுண்டிவிட்டது. "என்ன மாமா, வூட்டுக்குள்ளயே வேவுகாரன கூட்டியாந்துட்டீங்க?" என்றான். ஆனால் மாட்டினான். மாட்டிய கையோடு வேறு இரண்டு தெருவைப் பிடுங்கி, அந்தக் கரண்டைப் புளியமரச் சந்துக்குத் திருப்பிவிட்டான். பெட்டி பார்த்தால் ஆணையம் பார்க்கும், ஆணையம் பார்த்தால் அபராதம். பெட்டி இல்லாத தெருவுக்கு அந்த பயம் எதற்கு?

சந்தில் டியூப் லைட்டுகள் கண் கூசும்படி எரிந்தன. கொளஞ்சி புதுக் காயிலுக்குக் கற்பூரம் காட்டி ஸ்டார்ட்டரை அழுத்தினார். மோட்டார் முனகவில்லை; ஒரே மூச்சில் எடுத்தது. ராகி மாவு புசுபுசுவென்று கொட்டியது. கொளஞ்சி சந்தோஷத்தில் அந்த மாவை அள்ளித் தன் தலையிலேயே போட்டுக்கொண்டார். சந்திரலேகாகூடச் சிரித்துவிட்டாள்.

இந்தச் சிரிப்புக்கு ஆயுசு கம்மி. இளவரசு பிடுங்கிய தெருக்களில் ஒன்று, அடுத்திருந்த ஊற்றுக்கேணித் தெரு. அங்கே சிவகாமியம்மாள் என்று ஒரு அம்மாள். நான்கு குடித்தனம் வாடகைக்கு விட்டிருப்பவர், குரல் நான்கு வீதிக்கும் கேட்கும். அவருடைய போர் மோட்டார் நின்று, மாடித் தொட்டி வறண்டு, குடித்தனக்காரர்கள் குடத்தோடு அவர் வாசலில் நின்றார்கள். அவர் அத்தனை பேரையும் ஓட்டிக்கொண்டு நேரே மில் வாசலுக்கு வந்துவிட்டார்.

"ஏம்ப்பா கொளஞ்சி, உன் மாவு அரைபடறதுக்கு எங்க வூட்டுக் கொழந்தைங்க குளிக்காம கெடக்கணுமா? அந்தப் பெட்டிய எங்க தெருவுக்கு வுடு!"

"எனக்குன்னு குடுத்த பெட்டிம்மா அது."

"உனக்குன்னு குடுக்க அது என்ன சீதனமா?"

கூட்டம் கூடியது. வடக்கு வீதி ஆட்களும் வந்து சேர்ந்தார்கள். கம்பத்தில் ஏறி அவிழ்ப்போம் என்று ஒரு கூட்டம், ஏறினால் காலை முறிப்போம் என்று ஒரு கூட்டம். நல்ல வேளையாக இது சிதம்பரம். திருவிழாவில் ஒவ்வொரு தரப்பாரும் ஒவ்வொரு நாளாக முறை வைத்து, தங்கள் இடத்தில் சாமியை இறக்கி மரியாதை செய்து அனுப்புகிற மண்டகப்படி அந்த ஊருக்குத் தண்ணீர் பட்ட பாடு. யாரோ ஒருவர் அந்தச் சொல்லைச் சொன்னதும் சண்டை நின்றுவிட்டது. காலையில் புளியமரச் சந்து, மத்தியானம் ஊற்றுக்கேணித் தெரு, சாயந்தரம் வடக்கு வீதி என்று பேச்சு முடிந்தது.

அடுத்த நாளிலிருந்து பெட்டி புறப்பாடு. தள்ளுவண்டியில் கோலம் போட்ட பலகை, பலகைமேல் பெட்டி, பெட்டிக்கு மேலே வெயில் படாமல் குடை. ஒவ்வொரு தெரு முனையிலும் தேங்காய் உடைத்து வாங்கிக்கொள்வார்கள். லைன்மேன் கம்பத்தில் ஏறிக் கொக்கியை மாட்டியதும் அந்தத் தெருவில் மோட்டாரும் மிக்சியும் ஒரே குரலில் அலறும். பெட்டி நகர்ந்ததும் எல்லாம் அடங்கிவிடும். கல்யாணத்துக்கு நாள் குறிக்கிறவர்கள் முகூர்த்தம் பார்த்துவிட்டு, அன்றைக்குப் பெட்டி எந்தத் தெரு என்றும் பார்த்தார்கள்.

இளவரசுக்கு முதலில் இருந்த பயம் போய் முகத்தில் களை வந்துவிட்டது. "தேவலாம் மாமா. முன்ன முப்பது தெருவுக்குக் கரண்ட் குடுத்து அத்தன பேருகிட்டயும் திட்டு வாங்கினேன். இப்ப ஒரு தெருவுக்குக் குடுத்தா போதும், ஊரே பச்சை."

மிச்சத்தை எல்லாம் சபரீஷ் வாங்கி வடக்கே அனுப்பினான். அவன் கம்பெனிக்கு அப்படி ஒரு வருஷம் அதற்கு முன் வாய்த்ததில்லை.

ஒருநாள் செம்பியனிடமிருந்து போன் வந்தது. குரலில் பதற்றம். "கொளஞ்சி, உங்க தெரு இப்ப எங்க இருக்கு?"

"வடக்கு வீதிக்குப் போயிருக்குது சார். காலைல வந்துரும்."

அந்தப் பக்கம் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. "ஸ்கிரீன்லயும் அப்படித்தான் காட்டுது. தெரு நகருதுன்னு மேல எழுதிட்டேன். வோல்டேஜ் எப்படி?"

"போற எடமெல்லாம் நல்லா இருக்குது சார்."

"அப்ப நகரட்டும். நகரக் கூடாதுன்னு விதி எதுவும் இல்ல."

இப்படி ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லாமல் சிதம்பரம் ஒளிர்ந்ததைக் கண்டு ஆணையம் நெகிழ்ந்துபோனது. பாராட்டு விழா ஏற்பாடானது. ஆணைய உறுப்பினர் செந்தமிழ்செல்வனே வருகிறார், பயனாளி என்ற முறையில் கொளஞ்சி மேடையில் நன்றி சொல்ல வேண்டும் என்று உத்தரவு. கொளஞ்சி இஸ்திரி போட்ட சட்டைக்குள் ஒரு தீர்மானத்தை வைத்துக்கொண்டு போனார். மேடையிலேயே கேட்டுவிடுவது: ஐயா, பெட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லாத் தெருவுக்கும் கரண்ட் கொடுங்கள்.

விழாவை முன்னிட்டு அன்றைய மண்டகப்படி கல்யாண மண்டபத்துக்கே விடப்பட்டிருந்தது. பெட்டி மேடையில் மாலையோடு வீற்றிருக்க, மண்டபம் ஜகஜ்ஜோதியாக இருந்தது. உறுப்பினர் மைக்கைப் பிடித்தார்.

"பெரியோர்களே! முன்பெல்லாம் ஒரு தெருவில் மின்சாரம் போனால், மூன்று மாதம் கழித்துத்தான் அது எங்களுக்குத் தெரியும். இன்று நிலைமை என்ன? போகிற அந்த நொடியிலேயே அது எங்களுக்குத் தெரியாமல் போகிற அளவுக்கு விஞ்ஞானம் வளர்ந்திருக்கிறது! தரவைப் பார்க்கிறீர்களே, பார்த்துவிட்டு என்ன செய்கிறீர்கள் என்று சிலர் கேட்கிறார்கள். பார்ப்பதே ஒரு செயல் இல்லையா? அதற்கு எத்தனை கண்கள் வேண்டும், எத்தனை நாற்காலிகள் வேண்டும், எத்தனை ஏசி வேண்டும்! கழகத்துக்கு ஒளி விருது வழங்குகிறோம். மின் வணிகர்களுக்கு நன்றி வழங்குகிறோம். பொதுமக்களுக்கு... பொதுமக்களுக்கு வாழ்த்து வழங்குகிறோம்."

கைதட்டல் அடங்கியதும் தலையில் இடியை இறக்கினார். "நோய் தீர்ந்த பிறகும் மருந்து சாப்பிடலாமா? சிதம்பரம் குணமாகிவிட்டது. எனவே இந்தப் பெட்டியை இன்றோடு திரும்பப் பெற்று, எங்கள் தலைமை நிலையத்தில் பெருமையின் சின்னமாக வைக்கப் போகிறோம்."

கொளஞ்சி துள்ளி எழுந்து மைக்கை நோக்கி ஓடினார். "ஐயா, வேணாங்கய்யா! அந்தப் பெட்டிய எடுத்தீங்கன்னா..."

அதற்குள் இளவரசு பயபக்தியோடு கொக்கியைக் கழற்றி உறுப்பினர் கையில் பெட்டியைக் கொடுத்துவிட்டான். மைக் செத்தது. விளக்குகள் அணைந்தன. மின்விசிறிகள் மெல்ல நின்றன. கொளஞ்சியின் வாய் அசைந்தது மூன்றாவது வரிசைக்குக்கூடக் கேட்கவில்லை. இருட்டில், உறுப்பினரோடு வந்திருந்த செம்பியனின் கைக்கணினி மட்டும் அவர் மூக்குக்கு வெளிச்சம் காட்டியது.

"சார், பயப்பட வேணாம். பச்சைதான். கரண்ட் இருக்கு," என்றார் அவர்.

முன்வரிசை அதிகாரிகள் கைதட்டினார்கள். வியர்வையைத் துடைத்துக்கொண்டு பின்வரிசையும் தட்டியது.

பெட்டி போன மறுநாளே பழைய குருடி கதவைத் திறடி என்றாகிவிட்டது. கொளஞ்சி ஸ்டார்ட்டரைத் தொடவே இல்லை. தொட்டால் மூன்றாவது காயில், மூன்றாவது காயில் என்றால் திருப்பூர். மிளகாய், மல்லி எல்லாம் அரைபடாமல் பையோடு வரிசையில் நின்றன. சில நாள் பொறுத்த சந்திரலேகா பிறகு டிரங்குப் பெட்டியில் துணிமணிகளை அடுக்க ஆரம்பித்தாள். பக்கிரி வேறு தினமும் போன் போட்டு, "எப்ப மாமா வர்றீங்க?" என்று கேட்டான்.

கடைசியாக ஒரு தடவை காலில் விழுந்தாவது கேட்டுவிடுவோம் என்று கொளஞ்சி செம்மண்டலம் போனார். ஆணையத்து வரவேற்பு அறைச் சுவரில் பெட்டி தொங்கியது. சந்தன மாலை. பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பெட்டியிலிருந்து ஒரு வயர் இறங்கி, பக்கத்து பிளக்கில் செருகியிருந்தது.

"என்னா சார் இது?"

செம்பியன் குரலைத் தாழ்த்தினார். "பெட்டிய சும்மா வச்சா தரவு நின்னுரும். சிதம்பரத்துத் தரவு நின்னா பெரிய குத்தம். அதான் இங்கயே செருகிட்டோம். அருமையான வோல்டேஜ். இருபத்துநாலு மணி நேரமும்."

"இது உங்க ஆபீஸ் கரண்ட்டு இல்லீங்களா?"

"கரண்ட் எங்களுது. விலாசம் உங்களுது. பெட்டிக்குப் புளியமரச் சந்துன்னு பதிஞ்சாச்சு. மாத்துனா பழைய தரவெல்லாம் பொய்யாயிடும்."

கொளஞ்சி சுவரைப் பார்த்தார், பிளக்கைப் பார்த்தார். விஷமமாகக் கேட்கவில்லை பாவம், புரியாமல்தான் கேட்டார். "அப்ப நான் இப்ப எங்க தெருவுலதான் நிக்கிறேனா சார்?"

"தரவுப்படி, ஆமா."

"எங்க தெருவுல என் மில்லு இருக்கலாம்ல?"

செம்பியன் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். எங்கேயும் தடை இல்லை. உறுப்பினருக்குப் போன் போட்டார். உறுப்பினர் குதூகலித்தார். சிதம்பரத்தில் வோல்டேஜ் பிரமாதம், ஆனால் ஒருத்தரும் கரண்ட் எடுக்கக் காணோமே என்று மேலிடத்தில் கேட்டிருக்கிறார்கள். என்ன சொல்வது என்று தெரியாமல் அவர் முழித்துக்கொண்டிருந்தாராம். மாவு மில் ஓடினால் தரவுக்கு உயிர் வந்துவிடும்.

மினி லாரியில் மில் வந்து இறங்கியது. ஆணையத்தின் பின்பக்கம் ஜெனரேட்டருக்கென்று கட்டி, தேவையே வராததால் சும்மா கிடந்த கொட்டகையில் கொளஞ்சி மோட்டாரைப் பூட்டினார். காயில் புகையவில்லை. செம்மண்டலத்துப் பெண்கள் ராகியும் கோதுமையும் கொண்டுவந்தார்கள். செம்பியன் வீட்டு மிளகாயும் அங்கேதான் அரைபட்டது. சிதம்பரத்தில் தொழில் வளர்ச்சி என்று சபரீஷ் மேலிடத்துக்கு ஒரு வரைபடம் போட்டு அனுப்பினான். வேலை நெருக்கடியில் அவ்வப்போது உள்ளே எட்டிப் பார்த்து, பெரிய திரையில் வோல்டேஜ் என்ன என்று பார்த்துவிட்டு வந்து ஸ்டார்ட்டரை அழுத்துவது கொளஞ்சிக்குப் பழக்கமாகிவிட்டது. சந்திரலேகா திருப்பூர்ப் பேச்சையே எடுப்பதில்லை. செம்மண்டலத்திலேயே வீடு பார்த்துக் குடிவந்தார்கள். கொளஞ்சி நிம்மதியாகத் தூங்கினார். இத்தனை நாள் கழித்து அந்த மனுஷனுக்குக் கிடைத்த தூக்கத்தில் நாம் கல்லைப் போட வேண்டாம்.

ஒருநாள் மத்தியானம் சிவகாமியம்மாள் போன் செய்தார். பழைய கத்தல் இல்லை; குரல் களைத்திருந்தது.

"கொளஞ்சி, நல்லா இருக்கியாப்பா? எங்க தெருவுல நேத்துலேர்ந்து சுத்தமா கரண்ட் இல்ல. தொட்டில சொட்டுத் தண்ணி இல்ல. உன் சந்துலயும் அதே கததான். நீ அங்கயே இருக்கியே, உள்ள கேட்டுச் சொல்லேன், எப்ப வரும்னு."

கொளஞ்சி போனைக் காதில் வைத்தபடியே கூடத்துக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார். பெரிய திரையில் சிதம்பரம் முழுக்கப் பச்சையாக மினுங்கியது.

"இங்க இருக்குன்னுதானேம்மா காட்டுது," என்றார்.

சொன்ன பிறகுதான் அவருக்கே சுருக்கென்றது.

"பரவால்லப்பா," என்றார் சிவகாமியம்மாள். "அங்கயே உத்தியோகமும் போட்டுக் குடுத்துட்டாங்களா உனக்கு?"